புத்தகம் திருப்பிவிட்ட வாழ்க்கைகள்

ஒரு புத்தகம் தன் வாழ்க்கையையே மாற்றிவிட்டது என்று ஒருமுறையாவது சொல்லாத வாசகர் குறைவு. அப்படிச் சொல்பவர்களில் பெரும்பாலோர் அடுத்த வாரமும் அதே வேலைக்குத்தான் போகிறார்கள், அதே கடையில்தான் டீ குடிக்கிறார்கள். மனம் நெகிழ்வது வேறு, வாழ்க்கை திசை திரும்புவது வேறு. படிப்பதற்கு முன் செய்துவந்த தொழில், இருந்த இடம், பணத்தைச் செலவழித்த விதம், பழகிய ஆட்கள் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று படித்த பிறகு மாறியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது நல்ல புத்தகம் படித்த சந்தோஷம், அவ்வளவுதான்.

நிஜமாகவே திசை திரும்பியதற்குச் சான்று உள்ள நிகழ்ச்சிகள் சில உண்டு. அவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், யாரும் எதிர்பார்க்காத ஒன்று தெரிய வருகிறது. அந்தப் புத்தகங்களில் பல, படிக்கச் சுகமானவையே அல்ல. ஒன்று புரியவில்லை. இன்னொன்று அரைகுறை. மற்றொன்று வெளிவந்த காலத்தில் வாசகர்களிடம் வசவு வாங்கியது. அவை வாசகருக்கு அறிவுரை சொன்னதை விட, வேலை வைத்ததே அதிகம்.

தமிழில் இதற்கு முதலில் சொல்ல வேண்டிய தேதி 1880 அக்டோபர் 21. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்து எட்டு மாதமே ஆகியிருந்த உ.வே. சாமிநாதையர், அந்த ஊருக்கு முன்சீப்பாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். சாமிநாதையருக்கு அப்போது 25 வயது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். திருவாவடுதுறை ஆதீனத்தின் அன்புக்கு உரியவர். தமிழில் படிக்க வேண்டியதையெல்லாம் படித்துவிட்டோம் என்ற நினைப்பு, அந்த வயதில் அப்படிப்பட்ட ஒருவருக்கு வருவது இயல்புதான்.

முதலியார் அதிகம் பேசவில்லை. என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். சாமிநாதையர் அந்தாதிகள், கலம்பகங்கள், கோவைகள், உலாக்கள், பிள்ளைத்தமிழ்கள் என்று அடுக்கினார். கேட்டவர் முகத்தில் வியப்பு எதுவும் தெரியவில்லை. இவற்றால் என்ன பயன் என்கிற தோரணையில் ஒரு கேள்விதான் வந்தது. புராணங்களும் காப்பியங்களும் பட்டியலில் சேர்ந்தன. கம்பராமாயணத்தின் பெயரும் வந்தது. அப்போதும் முதலியார் அசையவில்லை. இவையெல்லாம் பின்னால் வந்தவை. இவற்றுக்கு முந்திய பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டு, சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை என்று பெயர் சொன்னார். அந்த நூல்களைச் சாமிநாதையர் மட்டுமல்ல, அவருடைய ஆசிரியரே படித்ததில்லை. பிரதி கிடைத்தால் படித்துவிடலாம் என்று வீம்பாகவே பதில் சொன்னார் இளைஞர். முதலியாரிடம் சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதி இருந்தது. அதைக் கொடுத்தார்.

திருத்தக்கதேவர் இயற்றிய சிந்தாமணி மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட சமண காப்பியம். நச்சினார்க்கினியர் அதற்கு உரை எழுதியிருக்கிறார். சைவச் சூழலில் வளர்ந்த ஒருவருக்கு அதில் தடுக்கிய இடங்கள் ஏராளம். சமணக் கோட்பாடுகள் தெரியாது, கலைச்சொற்கள் தெரியாது, உரையாசிரியர் எந்தக் கதையைச் சுட்டுகிறார் என்பதும் தெரியாது. அவருக்குத் தெரிந்த தமிழ் மட்டும் இதற்குப் போதவில்லை. விசாரித்ததில், கும்பகோணத்திலேயே சமணர்கள் வசிக்கிறார்கள் என்று தெரிந்தது. ஒரு சமணர் வீட்டுக்கு அவர் போன நாளில் வாசலில் மாக்கோலம் போட்டுத் தோரணம் கட்டியிருந்தார்கள். என்ன விசேஷம் என்று கேட்டார். வீட்டில் சிந்தாமணி படித்து வந்ததாகவும், அன்று அது பூர்த்தியானதாகவும் பதில் வந்தது. வித்துவான்களே மறந்துபோன ஒரு நூல், அவர் பாடம் சொல்லும் கல்லூரி இருந்த அதே ஊரில், ஒரு வீட்டின் பண்டிகையாக உயிரோடு இருந்திருக்கிறது. அங்கிருந்தவர்களிடம் உட்கார்ந்து சந்தேகம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

இன்னொரு தடையும் இருந்தது. பின்னாளில் அதுவே வழியாயிற்று. நச்சினார்க்கினியர் தம் உரையில் வேறு பல நூல்களின் அடிகளை மேற்கோளாக எடுத்துக் காட்டுவார். எந்த நூல் என்று பெரும்பாலும் சொல்லமாட்டார். அந்த அடிகள் எங்கே இருக்கின்றன என்று தேடப் போனபோதுதான், ஆதீனத்துப் புத்தகசாலையிலும் ஊர் ஊராக வீட்டுப் பரண்களிலும் கிடந்த ஏடுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஒரு நூலின் உரையைப் புரிந்துகொள்ள இன்னொரு நூல் தேவைப்பட்டது. அதைப் புரிந்துகொள்ள மற்றொன்று. இதற்கிடையே, சைவ மடத்தில் படித்தவர் சமண நூலை அச்சிடுவதா என்ற முணுமுணுப்பையும் அவர் கேட்க வேண்டியிருந்தது. சிந்தாமணி 1887-இல் அச்சாகி வந்தது. பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் தொடர்ந்தன. குறுந்தொகைப் பதிப்பு வந்தபோது ஆண்டு 1937. பதிப்பித்தவருக்கு வயது 82. அந்தச் சந்திப்பு நடக்காமல் போயிருந்தாலும் சாமிநாதையர் நல்ல தமிழாசிரியராகப் பெயர் எடுத்திருப்பார், நிறைய தலபுராணங்களும் பாடியிருப்பார். ஏடு தேடி அலையும் வாழ்க்கைக்கு அவரை அனுப்பியது, அவரால் முதலில் புரிந்துகொள்ள முடியாத ஒரு புத்தகம்.

அதே கும்பகோணத்தில், சாமிநாதையர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறிப்போன 1903-ஆம் ஆண்டு வாக்கில், இன்னொரு புத்தகம் ஒரு பள்ளி மாணவன் கைக்கு வந்தது. ஜி.எஸ். கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த கணிதச் சுருக்க நூல் அது. கல்லூரி நூலகத்துப் பிரதியை நண்பர் ஒருவர் வழியாகப் பெற்றவர் சீனிவாச இராமானுஜன்.

காரின் நூலை யாரும் மகத்தான படைப்பு என்று சொன்னதில்லை. அவர் லண்டனில் தேர்வுக்கு மாணவர்களைத் தயார் செய்த தனிப்பயிற்சி ஆசிரியர். இன்றைய கணக்கில் சொன்னால், ட்யூஷன் வாத்தியார் போட்ட கைடு. இயற்கணிதம், முக்கோணவியல், நுண்கணிதம், பகுமுறை வடிவியல் என்று ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகள் அதில் எண் போட்டு வரிசையாக நிற்கும். நிரூபணம் பெரும்பாலும் இருக்காது; இருந்தாலும் ஒரு குறிப்போடு நின்றுவிடும். சாதாரண மாணவருக்கு இது எரிச்சலூட்டும் குறை. இராமானுஜனுக்கோ ஒவ்வொரு வரியும் தானே போட்டுப் பார்க்க வேண்டிய கணக்காயிற்று. காகிதத்துக்குக் காசு இல்லாததால் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டார். உலகப் புகழ்பெற்ற அவருடைய நோட்டுப் புத்தகங்களில் முடிவுகள் மட்டும் வரிசையாக நிற்பதற்கு, காரின் பாணி படிந்துபோனதும் காகிதத் தட்டுப்பாடும் சேர்ந்தே காரணம்.

இந்தப் புத்தகம் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டதையும் சொல்ல வேண்டும். 1904-இல் உதவித்தொகையோடு கும்பகோணம் கல்லூரியில் சேர்ந்தவர், கணக்கைத் தவிர வேறெதையும் தொடாமல் ஆங்கிலக் கட்டுரையில் தோற்று, அந்த உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. பட்டம் இல்லாமல், நிலையான வேலை இல்லாமல் சில ஆண்டுகள் போயின. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை, 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம், 1914-இல் கப்பல், 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் என்று பின்கதை எல்லாருக்கும் தெரிந்ததே. நடுவில் இருந்த பசி நாட்களும் அதே புத்தகத்தின் விளைவுதான். வாழ்க்கையை மாற்றுவது என்றால் நல்லபடியாகவே மாற்றுவது என்று நாம் சுலபமாக எடுத்துக்கொள்கிறோம்.

காந்தியின் கதை இவற்றிலிருந்து வேறுபட்டது. வேகம் மிக அதிகம். 1904-இல் ஜோகன்னஸ்பர்க்கில் வழக்கறிஞர் தொழில் நன்றாக நடந்துகொண்டிருந்தது. டர்பனில் அச்சாகி வந்த ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகை மட்டும் பணத்தை விழுங்கிக்கொண்டிருந்தது. ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என நான்கு மொழிகளில் வெளிவந்த பத்திரிகை அது. கணக்கு வழக்கு சரியில்லை என்று தகவல் வரவே, காந்தி டர்பனுக்குப் புறப்பட்டார். ரயிலடிக்கு வழியனுப்ப வந்த நண்பர் ஹென்றி போலக், வழியில் படியுங்கள் என்று ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்தார். ஜான் ரஸ்கின் எழுதிய ‘அன்டு திஸ் லாஸ்ட்’.

அந்த நூலுக்கு ஏற்கெனவே ஒரு சோகக் கதை உண்டு. 1860-இல் லண்டனில் ‘கார்ன்ஹில்’ மாத இதழில் கட்டுரைத் தொடராக அது வந்தபோது, வாசகர்கள் கொதித்துப்போனார்கள். ஓவியம், கட்டடக்கலை என்று அழகாக எழுதிக்கொண்டிருந்தவர் கூலியையும் முதலாளியையும் பற்றி எதற்குப் பேசுகிறார் என்று கேட்டார்கள். ஆசிரியராக இருந்த நாவலாசிரியர் தாக்கரே நான்கு கட்டுரைகளோடு தொடரை நிறுத்தினார். 1862-இல் புத்தகமாக வந்த பிறகும் அது பரபரப்பாக விற்கவில்லை.

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு 24 மணி நேரப் பயணம். எடுத்த புத்தகத்தைக் காந்தியால் கீழே வைக்க முடியவில்லை. அன்றிரவு தூக்கமும் வரவில்லை. அதிலிருந்து தான் எடுத்துக்கொண்ட கருத்துகள் மூன்று என்று சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். எல்லாருடைய நலனில்தான் தனிமனிதன் நலனும் அடங்கியிருக்கிறது என்பது முதலாவது. இது அவருக்கு முன்பே தெரியும். வக்கீலின் வேலைக்கும் நாவிதரின் வேலைக்கும் மதிப்பு ஒன்றே என்பது இரண்டாவது. இது மங்கலாகத் தெரியும். உடலால் உழைக்கும் உழவர், கைவினைஞர் வாழ்க்கையே வாழத் தகுந்தது என்பது மூன்றாவது. இது மட்டும்தான் அவருக்குப் புதிது. ஒரு மனிதரைத் தலைகீழாகப் புரட்டியதாகச் சொல்லப்படும் புத்தகத்தில் மூன்றில் ஒரு பங்குதான் புதுச் சரக்கு! மற்ற இரண்டும் ஏற்கெனவே உள்ளே இருந்ததால்தான் மூன்றாவது அவ்வளவு ஆழமாகப் போய்த் தைத்தது.

படித்ததைச் செய்துபார்க்க அவர் நாள் கடத்தவில்லை. டர்பனிலிருந்து 14 மைல் தொலைவில் பீனிக்ஸ் என்ற இடத்தில் பழமரங்களும் பாம்புகளும் நிறைந்த நிலத்தை வாங்கினார். பக்கத்து நிலத்தையும் சேர்த்து மொத்தம் 100 ஏக்கர்; விலை 1,000 பவுன். அச்சகம் அங்கே குடிபெயர்ந்தது. வேலை செய்பவர் யாராக இருந்தாலும் மாதம் மூன்று பவுன் என்று முடிவாயிற்று. எல்லாரும் அச்சுக் கோக்கக் கற்றுக்கொண்டார்கள். காந்தியும் கற்றார், ஆனால் அதில் தான் கடைசி ஆள்தான் என்று ஒப்புக்கொள்கிறார். புதிய இடத்தில் முதல் இதழ் அச்சாக வேண்டிய இரவில் எண்ணெய் இயந்திரம் ஓட மறுத்தது. இயந்திரம் மக்கர் செய்தால் இருக்கட்டும் என்று, கையால் சுற்றும் பெரிய சக்கரம் ஒன்றைக் காந்தி முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தார். அங்கேயே படுத்திருந்த தச்சர்களை எழுப்பி, ஆள் மாற்றி ஆள் விடிய விடியச் சுற்றினார்கள். காலை ஏழு மணிக்கு, ஒன்றும் நடக்காதது போல இயந்திரம் ஓட ஆரம்பித்தது. பத்திரிகை குறித்த நேரத்தில் வெளியே போனது. ரஸ்கின் எழுதிய ஒரு வரி, தென்னாப்பிரிக்காவில் ஒரு கொட்டகைக்குள் தோள்வலியாக மாறிய இரவு அது. 1908-இல் காந்தி அந்த நூலைக் குஜராத்தியில் சுருக்கி எழுதினார், தலைப்பு ‘சர்வோதயம்’.

மைக்கேல் ஃபாரடேவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். கொல்லர் மகன், 14 வயதில் லண்டனில் ஒரு பைண்டிங் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். தைக்க வந்த புத்தகங்களைத் தைப்பதற்கு முன் படித்தார். கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரை அப்படித்தான் அவர் கண்ணில் பட்டது. ஜேன் மார்செட் என்ற பெண்மணி 1806-இல் வெளியிட்ட வேதியியல் உரையாடல் நூலும் அந்தக் கடையில்தான் கிடைத்தது. அதில் சொன்ன பரிசோதனைகளைக் கையில் இருந்த சில்லறைக்கு ஏற்பச் செய்துபார்த்து, சரியாக வந்த பிறகே நம்பினார். கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்த சீட்டில் 1812-இல் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டார். எடுத்த குறிப்புகளைத் தன் கையாலேயே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார். 1813-இல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் வேலை கிடைத்தது. 1831-இல் அவர் கண்ட மின்காந்தத் தூண்டல்தான் இன்றைய மின் நிலையங்களின் அடிப்படை. பெரிய விஞ்ஞானி ஆன பிறகும், தன் ஆய்வுக் கட்டுரைகளை மார்செட் அம்மையாருக்கு நன்றியோடு அனுப்பி வைப்பது அவர் வழக்கம்.

விரும்பிக் கேட்ட புத்தகம் கிடைக்காமல் போனதாலும் வாழ்க்கை மாறியிருக்கிறது. 1521-இல் பம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கிய ஸ்பானிய வீரர் ஒருவர், லொயோலாவில் உள்ள குடும்ப வீட்டில் மாதக்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். பொழுதுபோக வீரதீரக் கதைகள் கேட்டார். வீட்டில் அவை இல்லை. கிறிஸ்துவின் வரலாறும் புனிதர்களின் கதைகளும்தான் இருந்தன. வேறு வழியில்லாமல் அவற்றைப் படித்தார். எழுந்து நடந்தபோது வாளைக் கோயிலில் வைத்துவிட்டார். அவர்தான் இக்னேஷியஸ் லொயோலா. அவர் நிறுவிய இயேசு சபையின் துறவிகளாகத்தான் தத்துவ போதகரும் வீரமாமுனிவரும் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். சென்னை லயோலா கல்லூரியின் பெயரும் அந்த வீட்டிலிருந்து வந்ததுதான்.

பாதிப்பு எப்போதும் உடனே தெரிந்துவிடுவதில்லை. பம்பாயில் பள்ளி மாணவராக இருந்த அம்பேத்கர் ஒரு தேர்வில் தேறியதற்காக நடந்த பாராட்டு விழாவில், ஆசிரியரும் எழுத்தாளருமான கிருஷ்ணாஜி அர்ஜுன் கெலுஸ்கர், தான் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசாகக் கொடுத்தார். அதைப் படித்த சிறுவன் தந்தையிடம் வாதத்துக்குப் போனான். வீட்டில் இராமாயணமும் மகாபாரதமும் படிக்கச் சொல்கிறீர்களே, பௌத்த நூல்களை ஏன் தரவில்லை என்று கேட்டான். பிறகு கொலம்பியா, லண்டன், பாரிஸ்டர் பட்டம், மகாட் குளப் போராட்டம், அரசியல் சட்டம் என்று வாழ்க்கை எங்கெங்கோ போனது. உள்ளே போன புத்தகம் மட்டும் வெளியேறவே இல்லை. 1948-இல் சென்னை அறிஞர் பொ. லட்சுமி நரசுவின் பௌத்த நூலுக்கு மறுபதிப்பு வந்தபோது, அதற்கு முன்னுரை எழுதியவர் அம்பேத்கர். 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் லட்சக்கணக்கானவர்களோடு அவர் பௌத்தம் தழுவினார். ‘புத்தரும் அவர் தம்மமும்’ என்ற அவருடைய நூல், அவர் இறந்த பிறகு 1957-இல் வெளிவந்தது. அந்த நூலுக்கு எழுதிய முன்னுரையில், எல்லாம் தொடங்கிய இடம் கெலுஸ்கர் கொடுத்த புத்தகம் என்று குறித்து வைத்திருக்கிறார். பரிசு கைக்கு வந்ததற்கும் நாகபுரிக்கும் இடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு.

இந்த நிகழ்ச்சிகளில் வயது ஒரு பொருட்டாக இல்லை. இராமானுஜனுக்குப் பதினைந்து பதினாறு, லொயோலாவுக்கு முப்பது, காந்திக்கு முப்பத்தைந்து. படித்த அளவும் பொருட்டில்லை. பாடப் புத்தகத்துக்கு வெளியே தான் படித்தது குறைவு என்று காந்தியே சொல்லியிருக்கிறார். பொருட்டாக இருந்தவை இரண்டு. ஒன்று, புத்தகத்தை யாரோ ஒருவர் ஆள் பார்த்துக் கொடுத்தது. முதலியார், போலக், கெலுஸ்கர், நூலகத்திலிருந்து எடுத்து வந்து கொடுத்த நண்பர் என்று ஏறக்குறைய ஒவ்வொரு கதையிலும் நடுவில் ஒரு கை இருக்கிறது. இவர்களில் யாரும் அது பெரிய காரியம் என்று நினைத்துச் செய்ததாகத் தெரியவில்லை. மற்றது, படித்தவர் புத்தகத்தை மூடியதும் சும்மா இருக்காதது. சமணர் வீட்டுக்குப் போனார், சிலேட்டை எடுத்தார், நிலம் வாங்கினார். ஃபாரடே படித்த அதே மார்செட் நூல் பல பதிப்புகள் விற்றது. படித்த மற்றவர்கள் வேதியியல் தெரிந்துகொண்டதோடு சரி.

ஆகவே, ‘வாழ்க்கையை மாற்றும் பத்துப் புத்தகங்கள்’ என்று பட்டியல் போடுவது அநேகமாக வீண்வேலை. காரின் நூலை இன்று தேடிப் பிடித்துப் படிப்பவருக்குத் தலைவலிதான் மிஞ்சும். ரஸ்கினும் எல்லாருக்கும் பிடிப்பவர் அல்லர். ஒருவரை எழுப்பிய புத்தகம் இன்னொருவரைத் தூங்க வைக்கும்; சிலரை வழி தவறவும் செய்யும். கெதே 1774-இல் எழுதிய ‘வெர்தர்’ நாவலைப் படித்துவிட்டு ஐரோப்பிய இளைஞர்கள் கதாநாயகனைப் போலவே நீலக் கோட்டும் மஞ்சள் உள்கோட்டும் போட்டுத் திரிந்தார்கள். அவனுடைய தற்கொலை முடிவையும் சிலர் பின்பற்றிவிடுவார்களோ என்ற அச்சத்தில் லைப்சிக் நகரம் 1775-இல் அந்த நாவலைத் தடை செய்தது.

மேலே சொன்னவற்றில் இரண்டு நிகழ்ச்சிகளைச் சம்பந்தப்பட்டவர்களின் எழுத்திலேயே தமிழில் படிக்கலாம். முதலியாரைச் சந்தித்த கதையைச் சாமிநாதையர், ஆனந்த விகடனில் 1940 முதல் தொடராக எழுதிய ‘என் சரித்திர’த்தில் சொல்லியிருக்கிறார். ரயிலில் படித்த புத்தகமும் சக்கரம் சுற்றிய இரவும் காந்தியின் ‘சத்திய சோதனை’யில் அருகருகே உள்ள அத்தியாயங்களில் வருகின்றன. இரண்டு நூல்களும் பெரும்பாலான பொது நூலகங்களில் இருக்கும். படித்து முடித்ததும், பொருத்தமான ஒருவர் நினைவுக்கு வந்தால் அவரிடம் கொடுத்துவிடுங்கள்.